ரிமோட் வண்டியிலும் படகிலும் யுனிவர்சல் ஜாயிண்ட் மாட்டும்போது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பத்தில் ஒரு பங்கு அளவுள்ள கிராலர் (பாறை ஏறும் ரிமோட் வண்டி). நடு ஷாஃப்டின் கிரப் ஸ்க்ரூ (ஷாஃப்டை அழுத்திப் பிடிக்கும் சின்ன ஸ்க்ரூ) நாலு ஓட்டத்துக்கு ஒரு தடவை கழன்று விழுகிறது. எவ்வளவு இறுக்கினாலும் நிற்பதில்லை.

பதில்: உருண்டையான ஷாஃப்டின் மேல் ஸ்க்ரூ உட்கார இடமில்லை, எவ்வளவு இறுக்கினாலும் அது கழலத்தான் செய்யும். கியர்பாக்ஸ் ஷாஃப்டில் ஸ்க்ரூ படும் இடத்தை அரத்தால் அரை மில்லிமீட்டர் போலத் தட்டையாக்குங்கள். இரும்புத் தூள் பேரிங்குக்குள் போகாமல் பக்கத்தில் துணி சுற்றிக்கொள்ளுங்கள். அப்புறம் ஸ்க்ரூ, அதன் துளை இரண்டையும் எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, நீல த்ரெட் லாக்கர் (ஸ்க்ரூ கழலாமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு விட்டு முடுக்கி, ஓர் இரவு அப்படியே விடுங்கள். சிவப்பு வேண்டாம். நீலமே பிடித்துக்கொண்டால் சால்டரிங் அயர்ன் முனையை ஸ்க்ரூ தலையில் கொஞ்ச நேரம் வைத்தால் இளகிவிடும். ஷாஃப்டில் குறுக்குத் துளை இருந்தால் கிரப் ஸ்க்ரூவையே விட்டுவிட்டு, குறுக்கே போகும் ஸ்க்ரூ பின் உள்ள யோக்கை (ஜாயிண்டின் இரண்டு காது உள்ள கவையை) வாங்குங்கள்.

கேள்வி: என் வண்டியில் யுனிவர்சல் ஜாயிண்ட் (இரண்டு ஷாஃப்டை வளைவோடு இணைக்கும் மூட்டு) அடிக்கடி உடைகிறது. எது வாங்கலாம்?

பதில்: என்ன வண்டி, என்ன அளவு, முன்னாலா பின்னாலா, உடைவது பின்னா யோக்கா, எதுவுமே எழுதவில்லை. உடைந்த துண்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: டாக்போனை (இரு முனையிலும் உருண்டையும் குறுக்குப் பின்னும் உள்ள ஷாஃப்டை) எடுத்துவிட்டு யுனிவர்சல் ஷாஃப்ட் மாட்ட நினைக்கிறேன். நீளத்தை எப்படி முடிவு செய்வது?

பதில்: பழைய டாக்போனின் நீளத்தை மட்டும் வைத்து வாங்காதீர்கள். ஷாக்கைக் கழற்றிவிட்டு, சக்கரத்தைக் கையால் மேலே கடைசி வரை தூக்குங்கள், கீழே கடைசி வரை தொங்கவிடுங்கள். முன்பக்கம் என்றால் இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பியும் பாருங்கள். மிக நெருக்கமான நிலையிலும் டிஃப் (டிஃபரென்ஷியல்) கப்புக்குள், அதாவது ஷாஃப்ட் முனை உட்காரும் குழிக்குள், அரை முதல் ஒரு மில்லிமீட்டர் இடம் மிச்சமிருக்க வேண்டும். மிக விலகிய நிலையிலும் பின், கப்பின் பள்ளத்துக்குள் நன்றாக இருக்க வேண்டும். நீளம் அதிகமாகி முட்டினால் முதலில் போவது டிஃப் பேரிங். இது தெரியாமல் பேரிங்கையே திரும்பத் திரும்ப மாற்றிக்கொண்டிருப்பவர்கள் நிறைய.

கேள்வி: கிராலரைக் கழுவிச் சுத்தம் செய்து மறுபடி பூட்டினேன். அதிலிருந்து கொஞ்சம் வேகம் எடுத்தாலே வண்டி முழுக்க நடுங்குகிறது. மோட்டார் போய்விட்டதா?

பதில்: மோட்டாரைத் தொடாதீர்கள். வண்டியைக் கவிழ்த்து நடு ஷாஃப்டைப் பாருங்கள். அதன் இரண்டு முனையிலும் இருக்கும் யோக் காதுகள் ஒரே நேராக நிற்கின்றனவா? நிற்காது என்று நினைக்கிறேன். இழுத்தால் நீளும் ஷாஃப்டை இரண்டாகப் பிரித்திருப்பீர்கள், சேர்க்கும்போது திருப்பிச் செருகியிருப்பீர்கள்.

இதை எத்தனை தடவை சொன்னாலும் மறுபடி இதே கேள்வி வருகிறது. அதனால் காரணத்தோடு சொல்கிறேன். குறுக்குப் பின் வைத்த ஜாயிண்ட் வளைந்து சுற்றும்போது சீரான வேகத்தைக் கடத்துவதில்லை. முப்பது டிகிரி வளைவில், உள்ளே வரும் வேகம் நூறு என்றால் வெளியே போவது ஒரே சுற்றுக்குள் இரண்டு தடவை 87க்கு இறங்கி 115க்கு ஏறும். ஷாஃப்டின் மறுமுனையில் அதே கோணத்தில் இன்னொரு ஜாயிண்ட் நேராக நின்றால், முதல் ஜாயிண்ட் கூட்டியதை அது குறைத்துவிடும். சக்கரத்துக்குச் சீரான வேகம் போகும். ஷாஃப்டைத் தொண்ணூறு டிகிரி திருப்பிச் செருகினால் இரண்டு ஏற்ற இறக்கமும் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும். அதே முப்பது டிகிரிக்கு 75க்கும் 133க்கும் நடுவே வேகம் அலையும். அந்த அடியைத்தான் கியரும் பின்னும் வாங்குகின்றன.

லாரிப் பட்டறையில் ப்ரொப்பல்லர் ஷாஃப்டைப் பிரிக்கும் முன் கோடு போட்டுக்கொள்வார்கள். அளவு சின்னதானாலும் நம் வண்டிக்கும் அதே ஷாஃப்ட்தான், அதே கணக்குதான். ஒருவர் மோட்டார், பினியன், நாலு பேரிங் எல்லாம் மாற்றிவிட்டு வண்டியை என்னிடம் கொண்டுவந்தார். ஷாஃப்டைப் பிரித்து நேராகச் செருகிக் கொடுத்தேன், இரண்டு நிமிட வேலை. அவர் செலவழித்த பணத்தை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை. பெட்டியோடு வரும் கையேட்டில் இதற்கு ஒரு வரி, ஒரு படம் போட்டால் போதும். பல கையேடுகளில் அது இல்லை.

பிரிக்கும் முன் பெயிண்ட் மார்க்கரால் இரண்டு பாதியிலும் ஒரு கோடு போடுங்கள். யோக் நேராக இருந்தும் நடுக்கம் இருந்தால், இரண்டு முனைக் கோணத்தையும் ஒப்பிடுங்கள். ஆக்சிலைச் சாய்த்து மாட்டியிருந்தால் அவை சமமாக இருக்காது.

கேள்வி: ஃபோர் வீல் டிரைவ் வண்டி. முழுக்கத் திருப்பி வேகம் கொடுத்தால் முன்சக்கரம் கடகடக்கிறது. போட்டிருப்பது சிவிடி (சீரான வேக) ஷாஃப்ட்தானே?

பதில்: பெயர் அப்படி. சீரான வேகம் என்று சொல்லி விற்றாலும் அதற்குள்ளே இருப்பது ஒற்றைக் குறுக்கு ஜாயிண்ட்தான். நாற்பது டிகிரி திருப்பினால் அது கடகடக்கும். ஸ்டியரிங் எல்லையை ரிமோட்டில் குறையுங்கள், இல்லையென்றால் இரட்டை ஜாயிண்ட் ஷாஃப்ட் போடுங்கள்.

கேள்வி: ஜாயிண்டுக்கு கிரீஸ் போடலாமா?

பதில்: சுத்தமான தரையில் ஓட்டினால் பின்னில் மட்டும் துளி கிரீஸ், வழிவதைத் துடைத்துவிடுங்கள். மணலில் ஓட்டினால் போடாதீர்கள்; மணலோடு சேர்ந்த கிரீஸ் பின்னை அராவிவிடும்.

கேள்வி: பின் தேய்ந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: நகத்தால் தடவுங்கள். படி தட்டுப்பட்டால் மாற்றுங்கள். புதுப் பின்னைப் பிடிக்கும் ஸ்க்ரூவுக்கும் நீல த்ரெட் லாக்கர்தான், துடைத்துவிட்டுத்தான்.

கேள்வி: படகில் மோட்டாருக்கும் புரொப்பல்லர் ஷாஃப்டுக்கும் நடுவே ஒற்றை யுனிவர்சல் ஜாயிண்ட் போட்டேன். சத்தம் தாங்கவில்லை. மோட்டார் கொஞ்சம் கீழே இருக்கிறது, அவ்வளவுதான்.

பதில்: "அவ்வளவுதான்" என்கிறீர்கள், கோளாறே அதுதான். ஒற்றை ஜாயிண்ட் கோணத்தைத் தாங்கும், உயர வித்தியாசத்தைத் தாங்காது. இரண்டு ஷாஃப்டும் ஒன்றுக்கொன்று கீழே மேலே இருந்தால் இரண்டு ஜாயிண்ட் வேண்டும். அதைவிட நல்லது, மோட்டார் மவுண்டைத் தளர்த்தி, இரண்டு ஷாஃப்டையும் ஒரு நேரான குழாயில் செருகி, அந்த நிலையிலேயே மவுண்டை ஒட்டுவது. பசை காய்ந்த பிறகு குழாயை எடுத்துவிட்டு ஜாயிண்டை மாட்டுங்கள். ஸ்க்ரூ படும் இடத்தை இங்கேயும் தட்டையாக்க வேண்டும். குளத்து நடுவில் கழன்றால் நீந்திப் போய்த்தான் எடுத்து வரவேண்டும்.