சாவியைத் திருப்பினால் ‘டக்-டக்-டக்’: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஜப்பானிலிருந்து வந்த பழைய கார் வைத்திருக்கிறேன். இரண்டு மாதத்துக்கு முன்புதான் புது பேட்டரி போட்டேன். இப்போது காலையில் சாவியைத் திருப்பினால் வேகமாக ‘டக்-டக்-டக்’ என்று சத்தம் வருகிறதே தவிர, என்ஜின் சுற்றுவதில்லை. சில நாள் இரண்டாம் தடவையே கிளம்பிவிடுகிறது. ஸ்டார்ட்டர் மோட்டாரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?
(வாசகர், கியூர்பிப், மொரீஷியஸ்)

பதில்: இப்போதைக்கு மாற்றாதீர்கள். ஸ்டார்ட்டர் கெட்டால் பெரும்பாலும் கனமாக ஒரே ஒரு ‘டக்’ கேட்கும், அதோடு அடங்கிவிடும். நீங்கள் சொல்வது அந்தச் சத்தம் அல்ல. ஸ்டார்ட்டருக்கு மின்சாரத்தை இணைத்துவிடும் மின்காந்த சுவிட்சான சோலனாய்டு ஒட்டுகிறது. மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கப் பார்க்கிறது. உடனே வோல்டேஜ் சரிந்து சோலனாய்டு விட்டுவிடுகிறது. வோல்டேஜ் ஏறியதும் மறுபடி ஒட்டுகிறது. மின்சாரம் போதுமான அளவு போய்ச் சேரவில்லை என்பதே இதன் பொருள். இரண்டாம் தடவை கிளம்புகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அது எங்கோ பிடிப்பு தளர்ந்திருப்பதற்கு நல்ல அடையாளம்.

புது பேட்டரி போட்ட இடத்திலிருந்தே தேடுவோம். பழைய பேட்டரியின் மேல் 46பி24எல் என்பது போல ஓர் எண் இருந்திருக்கும். 24 என்பது ஏறக்குறைய 24 செ.மீ. நீளம். ‘எல்’, ‘ஆர்’ என்பவை முனைகள் எந்தப் பக்கம் என்பதைச் சொல்பவை. இந்தப் ‘பி’ வகை பேட்டரிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஈய முனை மெலிந்தது. வண்டியின் வயர் நுனியில் இருந்து முனையைக் கவ்வும் கிளாம்பும் அதற்கேற்றபடி சிறியது. தடித்த முனை கொண்ட பேட்டரியை வாங்கி, கிளாம்பை நெம்பி விரித்து அடித்து உட்கார வைத்தால், அது முனையைச் சுற்றிப் பிடிக்காமல் ஓரிரு கோடுகளில் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும். தடித்த கிளாம்புக்குள் மெல்லிய முனையை வைத்து, இடைவெளியில் தகரத் துண்டைச் செருகினாலும் இதே கதிதான். விளக்கு எரியும், ரேடியோ பாடும், ஸ்டார்ட்டர் மட்டும் சுற்றாது.

என்ஜினை அணைத்துவிட்டு, கிளாம்பை வெறும் கையால் திருகிப் பாருங்கள். மயிரிழை அசைந்தாலும் அதுதான் கோளாறு. அசையவில்லை என்றால் மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசி அளவில் வையுங்கள். ஒரு கம்பியை ஈய முனையின் நடுவிலும், மற்றதைக் கிளாம்பின் மேலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இன்னொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நடுவில் அழுக்கு இருக்கிறது. இரண்டு முனையிலும் பாருங்கள். பிறகு நெகட்டிவ் முனைக்கும் என்ஜின் இரும்புக்கும் இடையே இதே போல அளந்து, 0.5-ஐத் தாண்டினால், நெகட்டிவை பாடியோடும் என்ஜினோடும் இணைக்கும் எர்த் பட்டையைக் கழற்றிப் பாருங்கள். உங்கள் ஊர் ஈரத்தில், பட்டை பாடியோடு சேரும் போல்ட்டுக்கு அடியில் துருப்பிடித்திருக்க வாய்ப்பு அதிகம். மேலிருந்து பார்த்தால் சுத்தமாகவே தெரியும்.

சரிசெய்ய 10-ம் எண் ஸ்பானர் போதும். நெகட்டிவை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள். அப்படிச் செய்தால், பாசிட்டிவைக் கழற்றும்போது ஸ்பானர் பாடியில் பட்டாலும் பொறி பறக்காது. ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்து முனையில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியைக் கழுவி, உலர்த்தி, உப்புத்தாள் போட்டு ஈயம் பளபளக்கும்வரை தேயுங்கள். முனை மெலிந்திருந்தால் அதற்கென்றே விற்கும் ஈய உறையைப் போடுங்கள், தகரம் வேண்டாம். முடுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தால்தான் பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டும். இரவெல்லாம் நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருக்க வேண்டும், 12.2 என்றால் பாதிதான் மிச்சம். ஸ்டார்ட் செய்யும்போது 9.6-க்குக் கீழே இறங்கக் கூடாது. ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இல்லையென்றால் ஆல்டர்னேட்டர் சரியாகச் சார்ஜ் ஏற்றவில்லை. எத்தனை புது பேட்டரி போட்டாலும் இறங்கிவிடும்.

கேள்வி: மாமாவின் காருக்கு வழிவிட, என் காரை முற்றத்தில் இரண்டு மீட்டர் நகர்த்தி உடனே அணைத்தேன். மறுநாள் என்ஜின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை. பெட்ரோல் வாடை அடிக்கிறது.
(வாசகி, ரோஸ் ஹில்)

பதில்: குளிர்ந்த என்ஜினுக்குப் பெட்ரோல் தாராளமாகத் தெளிக்கப்படும். சூடேறுமுன் அணைத்ததால், பொறி தரும் ஸ்பார்க் பிளக்குகள் நனைந்துவிட்டன, அவ்வளவுதான். ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு மிதித்தபடி 5 முதல் 8 நொடி ஸ்டார்ட் செய்யுங்கள். அப்படி மிதித்தால் பெரும்பாலான இன்ஜெக்ஷன் வண்டிகள் பெட்ரோலை நிறுத்திவிடும். காற்று மட்டும் போய்ப் பிளக் உலரும். என்ஜின் பிடித்ததும் காலை எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு தடவைக்கும் நடுவே ஒரு நிமிடம் விடுங்கள், ஸ்டார்ட்டர் சூடாகிவிடும். மூன்று தடவையில் ஆகாவிட்டால் பிளக்குகளைக் கழற்றித் துடைத்துப் போடத்தான் வேண்டும். இனி ஒரு முழம் நகர்த்தினாலும் என்ஜின் சூடாகும்வரை ஓடவிட்டு அணையுங்கள்.

கேள்வி: தைப்பூசத்தன்று கோர் த கார்த் மலையடியில் பெட்ரோலிலும் மின்சாரத்திலும் ஓடும் என் ஹைபிரிட் வண்டியை நிறுத்திப் போனேன். உள்விளக்கை அணைக்க மறந்து, திரும்பி வந்தால், வண்டி கிளம்பத் தயார் என்று காட்டும் ‘ரெடி’ விளக்கு வரவில்லை. பக்கத்து வண்டியின் பேட்டரியிலிருந்து ஜம்பர் வயர் போட்டு மின்சாரம் வாங்கலாமா?
(வாசகர், கத்ர் போர்ன்)

பதில்: வாங்கலாம். ஆனால் உங்கள் ஹைபிரிட்டிலிருந்து மற்ற வண்டிக்குக் கொடுக்க வேண்டாம். அதிலிருக்கும் சிறிய 12 வோல்ட் பேட்டரி கணினிகளை எழுப்பத்தான், இன்னொரு ஸ்டார்ட்டரைச் சுற்ற அல்ல. அந்த பேட்டரி பின்பக்கம் இருந்தாலும், பல டொயோட்டா ஹைபிரிட்களில் பானெட்டுக்குள் ஃபியூஸ் பெட்டியில் ஜம்பருக்கென்றே ஒரு பாசிட்டிவ் முனை உண்டு. சிவப்பு வயரை அதிலும், மறுமுனையை உதவும் வண்டியின் பாசிட்டிவிலும் மாட்டுங்கள். கறுப்பை உதவும் வண்டியின் நெகட்டிவில் மாட்டி, கடைசி நுனியை உங்கள் வண்டியில் பெயின்ட் இல்லாத இரும்பில் கடியுங்கள். ஐந்து நிமிடம் பொறுத்து ‘ரெடி’ போடுங்கள். உயர் வோல்டேஜ் ஓடும் ஆரஞ்சு நிற கேபிள்கள் பக்கம் கை போகக் கூடாது.

கேள்வி: போர்ட் லூயிஸில் மழைவெள்ளம் என் காரின் கதவில் பாதிவரை ஏறியது. இரண்டு நாள் வெயிலில் காய்ந்துவிட்டது. ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா?
(வாசகர், போர்ட் லூயிஸ்)

பதில்: தயவுசெய்து வேண்டாம். 2024 ஜனவரி 15 அன்று பெலால் சூறாவளி வந்தபோது அந்த நகரில் கார்கள் தண்ணீரில் மிதந்ததைப் பார்த்தோம். வெளியே காய்ந்தாலும் சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கலாம். காற்றைப் போலத் தண்ணீர் அமுங்காது. ஒரே ஒரு சுற்றில், பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடலாம். நெகட்டிவைக் கழற்றிவிட்டு, முதலில் காற்று வடிகட்டியைத் திறங்கள். அது நனைந்திருந்தால் சாவியைத் தொடவே கூடாது. ஆயில் குச்சியில் பால் கலந்த காப்பி நிறம் தெரிந்தாலும் அப்படியே. வண்டியை ஏற்றிக்கொண்டுதான் போக வேண்டும். பட்டறையில் பிளக்குகளை எல்லாம் கழற்றி, அந்த ஓட்டை வழியே தண்ணீர் வெளியேறும்படி என்ஜினைச் சுற்றச் சொல்லுங்கள். ஆயிலும் ஃபில்டரும் இப்போது ஒரு தடவை, சிறிது தூரம் ஓடியபின் இன்னொரு தடவை மாற்ற வேண்டும். ஆட்டோமேட்டிக் வண்டியானால் கியர் ஆயிலையும் இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.