உண்ணிக் காய்ச்சலுக்கு நாய் மேல் பழி போடலாமா? (கேள்வி பதில்)

நான் கால்நடை மருத்துவன். மழைக்காலம் தொடங்கினால் போதும், உண்ணி பற்றிக் கேள்வியாக வந்து குவியும். சேர்ந்தவற்றுக்கு மொத்தமாக இங்கே பதில் சொல்கிறேன். மனிதர்களுக்கு மருந்து எழுதுவது என் வேலை இல்லை, எதைச் சந்தேகப்பட வேண்டும், டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

வேலூரிலிருந்து: பக்கத்துத் தெருவில் ஒருவருக்கு உண்ணிக் காய்ச்சலாம். எங்கள் நாய் மேலும் உண்ணி இருக்கிறது. எங்காவது கொண்டுபோய் விட்டுவிடச் சொல்கிறார் மாமியார். என்ன செய்ய?

நாய் வீட்டிலேயே இருக்கட்டும். எல்லாக் குழப்பத்துக்கும் அந்தப் பெயர்தான் காரணம். செய்திகளில் உண்ணிக் காய்ச்சல் என்று வருவது பெரும்பாலும் ஸ்க்ரப் டைஃபஸ். அதைப் பரப்புவது, நாயின் காதில் ஆமணக்கு விதை மாதிரி தொங்குகிறதே, அந்த உண்ணி இல்லை. புல்லிலும் புதரிலும் இருக்கும் மைட் என்ற பூச்சியின் குஞ்சு. கண்ணுக்கே சரியாகத் தெரியாது. வளர்ந்த பூச்சிக்கு எட்டுக் கால், குஞ்சுக்கு ஆறு. கடிப்பது குஞ்சு மட்டும்தான், அதுவும் வாழ்நாளில் ஒரே தடவை. அப்படியானால் கிருமி அதற்கு எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள், தாயிடமிருந்து முட்டை வழியாகவே வந்துவிடுகிறது. இந்தக் குஞ்சுகளை உடம்பில் சுமந்துகொண்டு கொல்லை வரை வருவது எலி. ஆகவே விரட்ட வேண்டியது எலியை, வெட்ட வேண்டியது புதரை.

நாய் உண்ணியால் மனிதருக்கு வரும் காய்ச்சலும் ஒன்று உண்டு, மறைக்கவில்லை. இந்தியன் டிக் டைஃபஸ் என்பார்கள், உள்ளங்கை உள்ளங்கால் வரை சிவப்புப் புள்ளிகள் வரும். அதற்கும் ஒழிக்க வேண்டியது உண்ணியைத்தான்.

திருவண்ணாமலையிலிருந்து: ஒரு வாரமாக விடாத காய்ச்சல். டெங்கு இல்லை, டைஃபாய்டு இல்லை என்கிறார்கள். இதுவாக இருக்குமா?

இருக்கலாம். எனக்கே வந்திருக்கிறது. ஆறு நாள் காய்ச்சல், மண்டை பிளக்கும் தலைவலி, ஓரிடத்தில் போட்ட ஆன்டிபயாட்டிக் ஊசி எதற்கும் அடங்கவில்லை. ஏழாம் நாள் வேறொரு இளம் டாக்டர் சட்டையைக் கழற்றச் சொல்லி, அக்குளில் பீடி நெருப்பால் சுட்ட மாதிரி இருந்த கருப்புப் பொருக்கைக் காட்டினார். வலியும் இல்லை, அரிப்பும் இல்லை, எப்படித் தெரியும்? தினமும் நாய்களின் காதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறவன் என் அக்குளைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பொருக்குக்கு எஸ்கார் என்று பெயர். அக்குள், தொடை இடுக்கு, தொப்புள், இடுப்பில் நாடா இறுகும் இடம், பெண்களுக்கு மார்புக்கு அடியில், இங்கெல்லாம் தேடுங்கள். பக்கத்திலேயே நெறி கட்டியிருக்கும். ஆனால் எல்லோருக்கும் இது இருக்காது, காணவில்லை என்பதால் நோய் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கடித்து ஏறக்குறைய பத்து நாள் கழித்துத்தான் காய்ச்சலே வரும் என்பதால், எப்போது வயலுக்குப் போனோம், எங்கே புல் வெட்டினோம் என்பதைச் சற்றுப் பின்னோக்கி யோசித்து டாக்டரிடம் சொல்லுங்கள். ஐஜிஎம் எலிசா என்ற ரத்தப் பரிசோதனை செய்யலாமா என்றும் கேளுங்கள். வெய்ல்-ஃபீலிக்ஸ் என்ற பழைய பரிசோதனை பலரைத் தவறவிட்டுவிடும்.

கிருமி நம் செல்லுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்வது. பென்சிலின் வகையும் 'செஃப்' என்று தொடங்கும் மருந்துகளும் இதற்குக் கேட்காது. டாக்ஸிசைக்ளின் அல்லது அஸித்ரோமைசின் கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும், இரண்டும் விலை குறைந்த மருந்துகள். விட்டுவிட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று போகும். மூச்சு வாங்கினாலோ பேச்சு குழறினாலோ நேராகப் பெரிய ஆஸ்பத்திரி. நோய் முற்றியவர்களுக்கு இரண்டு மருந்தையும் சேர்த்து நரம்பு வழியாக ஏற்றுவது, தனித்தனியாகத் தருவதைவிட நன்றாக வேலை செய்கிறது என்று 2023இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. நடத்தியவர்கள் நம் வேலூர் சிஎம்சியும் வேறு சில இந்திய மருத்துவமனைகளும்.

கர்ப்பிணிகளுக்கு?

கர்ப்பம் என்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள், அஸித்ரோமைசின் தருவார்கள்.

டைஃபஸும் டைஃபாய்டும் ஒன்றுதானே?

பெயர்தான் பக்கத்தில், நோய் வேறு. டைஃபாய்டு தண்ணீர், சாப்பாடு வழியாக வருவது.

எங்கள் லாப்ரடாருக்கு மூக்கில் ரத்தம் வருகிறது, பிளேட்லெட் ரொம்பக் குறைவு. எர்லிக்கியா என்கிறார்கள். குழந்தைகளுக்குத் தொற்றுமா?

எர்லிக்கியா என்பது உண்ணி கடித்து நாயின் ரத்தத்தில் சேரும் பாக்டீரியா, நாயிடமிருந்து நேராகத் தொற்றாது. இதற்கும் டாக்ஸிசைக்ளின்தான், வழக்கமாக 28 நாள். அஞ்சாம் நாள் நாய் நன்றாகச் சாப்பிடுகிறது என்று மாத்திரையை நிறுத்திவிட்டு, அடுத்த மாதம் தூக்கிக்கொண்டு வருகிறார்களே, அவர்களிடம்தான் எனக்குக் கோபம் வரும்.

அப்புறம், வாராவாரம் ஷாம்பு போட்டும் உண்ணி போகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எப்படிப் போகும்? நாய் உண்ணி தன் வளர்ச்சியின் ஒவ்வொரு கட்டத்திலும் ரத்தம் குடித்துவிட்டுக் கீழே விழுந்து, தோலுரித்து, மறுபடி ஏறும். முட்டையிடும் தாய் சுவர் விரிசலுக்குள் புகுந்து ஆயிரக்கணக்கில் இட்டுவிட்டுச் செத்துப்போகும். நாய் மேல் நீங்கள் பார்ப்பது கொஞ்சம், மீதி உங்கள் கட்டிலுக்குப் பின்னால். நாய்க்கு மாத்திரை, சுவருக்கு மருந்து, இரண்டும் ஒரே சமயத்தில் நடக்க வேண்டும். வீட்டில் பூனையும் இருந்தால் பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து கலந்த எதையும் கொண்டுவராதீர்கள், பூனைக்கு அது விஷம்.

உண்ணி தோலில் ஒட்டிக்கொண்டால் மண்ணெண்ணெய் ஊற்றலாமா?

வேண்டாம், தீக்குச்சியும் வேண்டாம். தோலை ஒட்டிய இடத்தில் இடுக்கியால் பிடித்து, திருகாமல் நேராக இழுங்கள். கையால் நசுக்காதீர்கள். அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

கலப்பினப் பசு, கன்று ஈன்று ஒரு மாதம். காய்ச்சல், மூத்திரம் காபி நிறத்தில் போகிறது.

இதைப் படித்து முடிப்பதற்குள் உங்கள் ஊர் மருத்துவரைக் கூப்பிடுங்கள். பெபீசியா என்ற ரத்தக் கிருமி நோயாக இருக்க வாய்ப்பு அதிகம், ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து மூத்திரத்தில் போகிறது. தோளுக்கு முன்னால் நெறி கட்டி, கண்ணும் வெளுத்திருந்தால் தைலீரியா என்ற இன்னொரு ரத்தக் கிருமி நோய். இரண்டுமே உண்ணி கொண்டுவருவதுதான், ஆனால் மருந்து வேறு வேறு. கடைக்காரர் சொன்ன ஊசியைப் போடாமல் ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொல்லுங்கள்.

வயநாட்டுக் காட்டில் நடைபயணம் போகிறோம். குரங்குக் காய்ச்சல் பயம் உண்டா?

1957இல் கர்நாடகாவின் ஷிமோகா மாவட்டத்தில், கியாசனூர் காட்டில் குரங்குகள் கொத்தாகச் செத்தபோது கண்டுபிடித்த நோய் அது. பிற்பாடு வயநாட்டிலும் மனிதர்களுக்கு வந்திருக்கிறது. காட்டு உண்ணி பரப்பும் வைரஸ், டாக்ஸிசைக்ளின் ஒன்றும் செய்யாது. டிசம்பர் முதல் மே வரை கவனம் தேவை. முழுக்கால் சட்டையை சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள், சருகு மேல் உட்காராதீர்கள். செத்த குரங்கைப் பார்த்தால் பக்கத்தில் போகாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். திரும்பிய பிறகு காய்ச்சல் வந்தால் காட்டுக்குப் போன கதையை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

ஸ்க்ரப் டைஃபஸ் ஒரு தடவை வந்தால் மறுபடி வராதா?

வரும். கிருமியில் ரகங்கள் பல, ஒன்றுக்கு வந்த எதிர்ப்புச் சக்தி இன்னொன்றுக்கு உதவாது. தடுப்பூசியும் இன்னும் இல்லை.