மக்களின் நல்வாழ்வை அளப்பதில் வருமானத்துக்கு எவ்வளவு இடம் தரலாம்?

கணிசமான இடம் தரலாம். முழு இடத்தையும் தந்துவிடக் கூடாது. நாட்டு வருமானக் கணக்கீட்டுக்கு அடித்தளமிட்டவர்களுள் ஒருவரான சைமன் குஸ்நெட்ஸே, 1934-இல் அமெரிக்கக் காங்கிரசுக்கு அளித்த அறிக்கையில், ஒரு நாட்டின் வருமானத்தைக் கொண்டு அதன் மக்களின் நலனை ஊகிப்பது அரிது என்று எச்சரித்திருந்தார். கருவியைச் செய்தவர் சொன்னதை, அதைக் கையிலெடுத்தவர்கள் பல பத்தாண்டுகள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நாடுகளின் வளர்ச்சியை ஒப்பிட ஐ.நா. வளர்ச்சித் திட்டம் 1990-இல் வெளியிட்ட மனித மேம்பாட்டுக் குறியீடு, ஆயுட்காலத்தோடும் கல்வியோடும் வருமானத்தையும் சேர்த்துக்கொண்டது. வருமானத்தை அது கையாளும் விதம்தான் எனக்குச் சுவையாகப் படுகிறது. இன்றைய முறையில் தலா வருமானத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் அதன் மடக்கையை (logarithm), அதாவது எவ்வளவு கூடியது என்பதைவிட எத்தனை மடங்கு கூடியது என்பதைக் காட்டும் அளவை, எடுக்கிறார்கள். ஆகவே ஆண்டுக்கு 1,000 டாலராக இருந்த வருமானம் 2,000 ஆவதும், 20,000 டாலராக இருந்தது 40,000 ஆவதும் ஒரே அளவு ஏற்றமாகவே பதிவாகின்றன. 75,000 டாலரைத் தாண்டிய பிறகு வரும் பணத்துக்கு மதிப்பெண்ணே இல்லை. இல்லாதவர் கைக்கு வரும் ஆயிரம் வயிற்றுக்குப் போகிறது, இருப்பவரின் ஆயிரம் எங்கே போயிற்று என்று அவருக்கே தெரிவதில்லை என்ற நடைமுறை அறிவைத்தான் அந்த மடக்கை கணக்கில் ஏற்றுகிறது.

சராசரியின் சிக்கல் வேறு. ஐவரில் நால்வர் தலா 20 ஈட்ட, ஐந்தாமவர் 420 ஈட்டினால் சராசரி 100. வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பவரின் வருமானமான இடைநிலை அளவோ 20. அந்த ஐவரில் ஒருவர்கூட நூறு ஈட்டவில்லை.

ஒரே வருமானம் எல்லோருக்கும் ஒரே வாழ்க்கையைத் தருவதுமில்லை. சக்கர நாற்காலியில் நடமாடுபவர், மற்றவர் கால்நடையாகப் போய்வரும் தொலைவுக்கு வண்டி பிடிக்க வேண்டியிருக்கலாம். பணத்தை வாழ்வாக மாற்றும் இந்த ஆற்றல் ஆளுக்கு ஆள் வேறுபடுவதைப் பொருளியலறிஞர் அமர்த்தியா சென் விரிவாக எடுத்துக்காட்டியிருக்கிறார்.

என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். கூடுதல் சம்பளத்துக்காக வேலை மாறிய ஆண்டில், நாள்தோறும் மூன்று மணி நேரம் பயணத்திலேயே கழிந்தது; குழந்தை தூங்கிய பிறகே வீடு திரும்பினேன். வருமானக் கணக்கின்படி அது என் நல்ல ஆண்டு. அந்த மூன்று மணி நேரத்தையும், வீட்டில் ஊதியமின்றிக் குழந்தையைப் பார்த்துக்கொண்டவரின் உழைப்பையும் பதிய அதில் இடமில்லை. எனவே, குடும்ப வருமானத்தின் இடைநிலை அளவோடு உடல்நலம், கல்வி, ஓய்வு நேரம் ஆகியவற்றையும் தனித்தனியே அளந்து, ஒரே எண்ணாகக் குழைக்காமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதையே நான் விரும்புவேன்.