கல்லீரல் நோய்க்கு எக்கோ எதற்கு?
அப்பாவுக்கு சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி இறுகிப்போகும் நோய்), நெஞ்சுவலியே கிடையாது, எக்கோவில் (இதயத்துக்கு எடுக்கும் ஸ்கேன்) இ.எஃப்., அதாவது இதயம் ஒரு துடிப்பில் வெளியே தள்ளும் ரத்தத்தின் அளவு, 65 சதவீதம் என்று வந்துவிட்டது, அப்புறம் ஏன் குமிழிகளை ஏற்றிப் பார்க்கும் பபிள் எக்கோவுக்கு மறுபடி வரச் சொல்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். தள்ளிப்போடாமல் எடுத்துவிடுங்கள்.

அந்த 65-ஐ மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். சிரோசிஸில் ரத்தக்குழாய்கள் தளர்ந்து விரிந்து கிடக்கும், இதயம் எதிர்த்துத் தள்ள வேண்டிய அழுத்தம் குறைவு, அதனால் பலவீனமான இதயம்கூட ஓய்வில் நன்றாகச் சுருங்குவதுபோல் தெரியும்; ஆபரேஷன், கிருமித்தொற்று என்று பாரம் ஏறும்போதுதான் உண்மை நிலை வெளியே வரும். டயஸ்டாலிக் பகுதி (இதயம் தளர்ந்து ரத்தத்தை நிரப்பிக்கொள்ளும் நேரம்) எப்படி, நுரையீரல் தமனி அழுத்தம் எவ்வளவு என்று டாக்டரிடம் கேளுங்கள். அந்த அழுத்தம் ரொம்ப அதிகமாக இருந்தால் கல்லீரல் மாற்று சிகிச்சையே ஆபத்தாகிவிடும்.

பபிள் எக்கோவுக்குப் பயப்பட வேண்டாம். என் அண்ணனுக்கு எடுத்தபோது பக்கத்தில் நின்றேன். இரண்டு சிரிஞ்சுகளுக்கு நடுவே உப்புநீரை முன்னும் பின்னும் தள்ளி நுரைக்கவைத்து கை நரம்பில் ஏற்றினார்கள், திரையில் இதயத்தின் வலது பக்கம் சட்டென்று வெள்ளையாக நிறைந்தது. அந்தக் குமிழிகளை நுரையீரல் வடிகட்டிவிட வேண்டும். மூன்று துடிப்புக்கு அப்புறம் இடது பக்கமும் தெரிந்தால் சிரோசிஸால் நுரையீரலுக்குள்ளும் ரத்தக்குழாய்கள் விரிந்திருக்கின்றன என்று அர்த்தம். எழுந்து உட்கார்ந்தால் அப்பாவுக்கு மூச்சு வாங்கி, படுத்தால் சரியாகிறதா? அப்படியென்றால் அதையும் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.