இந்தோசீனாவில் ஜப்பான்: வாசகர் கேள்விகள்

கே: ஜப்பான் 1940-இல் பிரெஞ்சுக்காரர்களை விரட்டிவிட்டது. பிறகு 1945-இல் மறுபடியும் ஏன் ஆட்சியைப் பிடித்தது?

ப: விரட்டவே இல்லை. 1940 செப்டம்பரில் பிரெஞ்சு காலனியான இந்தோசீனாவின் (வியட்நாம், லாவோஸ், கம்போடியா) வடக்கே டோங்கினிலும், அடுத்த ஜூலையில் தெற்கிலும் படையை இறக்கியது; நிர்வாகத்தை பிரெஞ்சு கவர்னர் ஜெனரல் தெக்கூவிடமே விட்டுவைத்தது. அவர்களைக் கவிழ்த்தது 1945 மார்ச் 9 இரவில். இந்த இரண்டு தேதிகளையும் குழப்பாதீர்கள் என்று எத்தனை முறை எழுதுவது?

கே: வியட்நாம் போரில் ஜப்பான் ஏன் சேர்ந்தது?

ப: சேரவில்லை. நீங்கள் சொல்லும் போர் இருபது ஆண்டு பிந்தியது. தபாலில் போடும் முன் ஆண்டைப் பாருங்கள்.

கே: மார்ச் 9-க்குப் பிறகு வியட்நாம் சுதந்திர நாடா?

ப: பெயரளவில். பேரரசர் பாவோ தாய். படையும் பிடியும் ஜப்பானுடையவை.

கே: 1945 பஞ்சத்துக்கு வெள்ளம்தானே காரணம்? இருபது லட்சம் பேர் இறந்தார்களா?

ப: பழியை வானத்தின் மேல் போடும் இந்தக் கடிதம் மாதம் தவறாமல் வருகிறது. 1944-இல் புயலும் வெள்ளமும் வந்தது உண்மை. அதற்கு முன்பே வடக்கத்திய உழவரின் குதிர் காலி. கட்டாயக் கொள்முதலுக்குக் கொடுத்த விலை சந்தை விலைக்குப் பக்கத்தில்கூட வராது. விளைச்சல் பொய்த்தவரும் சந்தையில் நெல் வாங்கியாவது அளந்தாக வேண்டும். நெல் வயலில் சணலும் ஆமணக்கும் போடச் சொன்னார்கள். தெற்கே மீகாங் பக்கம் நெல் மிஞ்சிக் கிடந்தது. நிலக்கரி வராததால் சைகோன் மின்நிலையத்தில் அதை எரித்தார்கள்! அமெரிக்கக் குண்டுவீச்சில் ரயிலும் கப்பலும் முடங்க, வடக்கே போக வழியில்லை. வடக்கே ‘தாய்பின்’ என்ற மாகாணம்தான் அதிகம் அடிபட்டது. ஹனோய்த் தெருக்களில் பாயைச் சுற்றிக்கொண்டு வந்து விழுந்தவர்களை மாட்டுவண்டிகளில் அள்ளிப் போனார்கள்.

இருபது லட்சம் என்பது 1945 செப்டம்பர் 2-இல் வியட் மின் என்ற விடுதலை இயக்கத்தின் தலைவர் ஹோ சி மின் வாசித்த சுதந்திரப் பிரகடனத்தில் வருவது. ஆய்வாளர்கள் நான்கு லட்சத்திலிருந்து சொல்கிறார்கள். பத்து லட்சத்தை ஒட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜப்பானை மட்டும் கூண்டில் ஏற்றாதீர்கள். மார்ச் வரை நெல்லை அளந்து வாங்கியது பிரெஞ்சு நிர்வாகம். மறுபடியும் தேதி!

கே: வியட் மின்னுக்கு ஊர்ப்புறத்தில் எப்படி அவ்வளவு ஆதரவு?

ப: பட்டினியில் கிடந்தவர்களைக் கூட்டிப்போய் நெல் களஞ்சியங்களை உடைத்தார்கள். துண்டறிக்கை தேவைப்படவில்லை.

கே: சரணடைந்ததும் ஜப்பானியர் ஊர் திரும்பிவிட்டார்களா?

ப: உடனே இல்லை. சரணை ஏற்கத் தெற்கே வந்த பிரிட்டிஷ் ஜெனரல் கிரேசி, அவர்கள் கையிலேயே துப்பாக்கியைக் கொடுத்து வியட்நாமியருக்கு எதிராக நிறுத்தினார். அவருடன் வந்தது 20-ஆவது இந்திய டிவிஷன். நம் சிப்பாய்களை இதற்கா அனுப்புவது என்று நேரு கண்டித்தார்.