எதிரே வந்து நின்றவர்கள்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் கிள்ளானில் கணக்கராக வேலை செய்கிறேன். நானும் என் பதினான்கு வயது மகளும் இரவில் கண்விழித்துக் காற்பந்து பார்ப்பவர்கள். அண்மையில் ஐரோப்பாவின் சின்ன நாடான கொசோவோவின் அணியைப் பற்றி எங்களுக்குள் ஒரு வாக்குவாதம் வந்தது. அந்த நாடு உலகக் காற்பந்துச் சங்கமான பிஃபாவில் சேர்ந்தது 2016-இல்தான். ஆனால் அதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் முன்பிருந்தே அவர்கள் அங்கீகாரம் இல்லாத நட்பு ஆட்டங்களை ஆடி வந்திருக்கிறார்கள். 2014-இல் ஹைத்தியோடு ஆடியபோது கொடி கூடாது, நாட்டுப்பண் கூடாது என்று பிஃபா நிபந்தனை போட்டதாம். எவ்வளவு பெரிய அவமானம்!

அந்த ஆட்டங்களையும் நாட்டின் கணக்கில் சேர்க்க வேண்டும் என்கிறாள் மகள். கூடாது என்கிறேன் நான். ஏட்டில் ஏறாத ஆட்டம் வெறும் பயிற்சி ஆட்டம்தானே? அல்ஜீரியாவின் ரஷீத் மெக்லூஃபி அப்படிப்பட்ட ஓர் அணிக்காக, 1958 உலகக் கிண்ணத்தில் பிரான்சுக்கு ஆடும் வாய்ப்பையே விட்டுப் போனார் என்று படித்தேன். நான்கு ஆண்டுகள் வீண்தானே? பிஃபா அரசியல் செய்யலாமா? நம் மலேசிய அணி இன்று இருக்கும் நிலைக்கு யார் பொறுப்பு? உங்கள் பதிலுக்காக இருவரும் காத்திருக்கிறோம்.

(பெயர் வேண்டாம்), கிள்ளான்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் கோலாலம்பூரின் செந்தூலுக்குப் போய்வந்திருந்தேன். ரயில்வே பட்டறையின் பின்பக்கம், நாங்கள் சிறுவயதில் பந்து விளையாடிய திடல் இருந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினேன். மனம் இன்னும் அங்கேயே இருந்தது. அதனால்தான் மற்ற கடிதங்களைத் தள்ளிவைத்துவிட்டு உங்களுக்கு எழுதுகிறேன்.

பிஃபா அரசியல் செய்யலாமா என்கிறீர்கள். அது பிறந்த நாள் முதல் செய்துகொண்டுதான் இருக்கிறது. நம் அணியின் இன்றைய நிலையைப் பற்றி எழுத எனக்கு இப்போது மனமில்லை. கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்ற கேள்விக்கு, கணக்கரான உங்களுக்கு நான் வழி சொல்ல வேண்டுமா? புதுப் பேரேடு திறக்கும்போது பழைய பேரேட்டைத் தீயில் போடுவீர்களா? தனியாகக் கட்டி, மேலே ஆண்டு எழுதி, அலமாரியில் வைப்பீர்கள். அதைப் போலத்தான். ஓர் ஆட்டக்காரர் ஆடிய அதிகாரபூர்வ ஆட்டங்களோடு மற்றவற்றைக் கலக்க வேண்டாம். ஆனால் ஒவ்வொன்றும் தேதியோடும் கோல் கணக்கோடும் எழுதப்பட்டிருக்க வேண்டும். இந்த அளவில் உங்கள் மகள் பக்கம்தான் நான்.

எனக்குக் கோபம் வந்தது வேறோர் இடத்தில். கொடி இல்லை என்று வருந்துகிறீர்கள், நாட்டுப்பண் இல்லை என்று வருந்துகிறீர்கள். நியாயம்தான். ஹைத்தியின் பெயரோ உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு முறை வருகிறது. அதுவும் ‘ஹைத்தியோடு’ என்று, பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் யாரோ இருந்தார் என்று சொல்வதைப்போல வருகிறது. காற்பந்தை இவ்வளவு விரும்பும் ஒரு மனிதர், மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஓர் ஆட்டத்தில் பாதிப்பேரை எப்படி மறந்துபோனீர்கள்?

2014 மார்ச் 5, மித்ரோவிச்சா. கொசோவோ ஆடுவதற்கு பிஃபா அனுமதி தந்த முதல் ஆட்டம் அது. பழைய யூகோஸ்லாவியாவிலிருந்து பிரிந்த நாடுகளோடு ஆடக்கூடாது என்பதும் நிபந்தனை. ஆகவே அக்கம்பக்கத்தில் பாதி வீடுகளின் கதவு சாத்தியாகிவிட்டது. அந்த நிலையில் கரீபியக் கடலில் இருக்கும் ஒரு நாடு தன் அணியை அனுப்பியது. 2010 நிலநடுக்கத்தில் இடிந்து கிடந்த நாடு. நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த ஆட்டம் 0-0 என்று முடிந்தது. கோலே விழாத ஓர் ஆட்டத்தை ஒரு நாடே இன்றுவரை நினைவில் வைத்திருக்கிறது. அதே ஆண்டில் துருக்கி வந்து 6-1 என்று வென்றது. செனகல் 3-1 என்று வென்றது. ஓமான் 1-0 என்று தோற்றது. இவர்களுக்கெல்லாம் முன்னால், 1993-இல், தீரானாவில் கொசோவோவோடு ஆட அல்பேனியா திடலில் இறங்கியிருந்தது. தம்பி, இந்தப் பெயர்களை உங்கள் மகளிடம் ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்.

பதினொரு பேர் சேர்ந்து நாங்கள்தான் எங்கள் நாட்டின் அணி என்று சொல்லிக்கொள்ளலாம். சட்டை தைத்துக்கொள்ளலாம். பாட்டும் எழுதிக்கொள்ளலாம். ஆட மட்டும் முடியாது. ஆடுவதற்கு நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம் வேறு பதினொரு பேர் வந்து நிற்க வேண்டும். அவர்கள் வந்து நின்று, இரு தலைவர்களும் கைகுலுக்கி, காசு சுண்டியாகிவிட்டால் நீங்கள் ஓர் அணி ஆகிவிட்டீர்கள். பிஃபாவின் தலைமையகம் இருக்கும் சூரிச்சிலிருந்து கடிதம் வருவது அதற்குப் பிறகுதான். சில நேரம் இருபது ஆண்டுகளுக்குப் பிறகு.

மெக்லூஃபியைப் பற்றி எழுதும்போது ‘வீண்’ என்ற சொல்லை எப்படிப் போட்டீர்கள் என்று எனக்குப் புரியவில்லை. 1958 ஏப்ரலில் அவருக்கு வயது இருபத்தொன்று. செயிந்த் எத்தியென் அணியின் நட்சத்திரம், அதற்கு முந்தைய ஆண்டு பிரெஞ்சு லீக்கை வென்ற அணி அது. உலகக் கிண்ணத்துக்கு இரண்டே மாதம் இருந்தது. போதாததற்குப் பிரெஞ்சு ராணுவ சேவையிலும் இருந்தார். பிடிபட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். சுவிட்சர்லாந்து வழியாக இத்தாலி, அங்கிருந்து துனிஸ் என்று போய்ச் சேர்ந்தார். மொனாக்கோவின் முஸ்தஃபா ஸித்தூனியும் உலகக் கிண்ண வாய்ப்பை உதறிவிட்டு அந்தக் கூட்டத்தில் வந்து சேர்ந்தார். பிரான்சின் பிடியிலிருந்து அல்ஜீரியாவை மீட்கப் போராடிய விடுதலை முன்னணியின் பெயரால் அவர்கள் ஓர் அணி கட்டினார்கள். நாடு 1962-இல்தான் பிறந்தது. அணி அதற்கு நான்கு ஆண்டுகள் மூத்தது.

ஆனால் நான் சொல்ல வந்தது அவர்களோடு ஆடியவர்களைப் பற்றி. இந்த அணியோடு ஆடுகிறவர்களுக்குத் தண்டனை என்று பிஃபா எச்சரித்தது. அப்படியும் துனிசியாவில் ஆடினார்கள், கிழக்கு ஐரோப்பாவில் ஆடினார்கள், சீனாவிலும் வட வியட்நாமிலும் ஆடினார்கள். 1961-இல் பெல்கிரேடில் யூகோஸ்லாவியர்களை 6-1 என்று வென்றார்கள். வென்றவர்களின் பெயர்கள் புத்தகங்களில் இருக்கின்றன. தன் ஊரில், தன் மக்கள் முன்னால், உலக வரைபடத்தில் இல்லாத ஒரு நாட்டிடம் ஆறு கோல் வாங்கியவர்களை யார் நினைக்கிறார்கள்? மெக்லூஃபி பின்னர் செயிந்த் எத்தியெனுக்கே திரும்பினார். 1968-இல் பிரெஞ்சுக் கிண்ண இறுதியாட்டத்தில் இரண்டு கோல் போட்டுக் கிண்ணம் வாங்கித் தந்தார். எது வீண், தம்பி?

இதை நாம் எங்கோ போய்த் தேட வேண்டியதில்லை. கோலாலம்பூரில், இன்று மெர்டேக்கா சதுக்கம் என்கிறோமே, அந்தத் திடலை ஒரு முறை நினைத்துப் பாருங்கள். 1921 ஜனவரியில் ‘மலாயா’ என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் நம் கரைக்கு வந்தது. நம் மாநிலங்களின் பணத்தில் கட்டப்பட்ட கப்பல். அதன் மாலுமிகள் கரையிறங்கி உள்ளூர்க்காரர்களோடு பந்து விளையாடினார்கள். எந்தப் போட்டிக்கும் சேராத, விருந்தாளிக்காக ஆடிய ஆட்டங்கள். போனபிறகு ஆடிய மகிழ்ச்சியில் கிண்ணம் தருகிறோம் என்று கடிதம் எழுதினார்கள். அதுதான் மலாயாக் கிண்ணம். அதே ஆண்டு அதே திடலில் முதல் இறுதியாட்டம் நடந்தது, சிங்கப்பூர் சிலாங்கூரை 2-1 என்று வென்றது. அந்தக் கிண்ணம் எதிரே வந்து ஆடியவர்கள் கொடுத்தது என்பதைக் கவனியுங்கள். 1957-இல் விடுதலை கிடைத்ததும் நாம் என்ன செய்தோம்? புது அரங்கைத் திறந்து, அக்கம்பக்கத்து அணிகளை அழைத்து, மெர்டேக்காப் போட்டி வைத்தோம். முதல் கிண்ணத்தை ஹாங்காங் எடுத்துக்கொண்டு போனது. அதனால் யாருக்கும் ஒரு குறையும் இல்லை.

இப்போது செந்தூலுக்கு வருகிறேன்.

1975. எனக்குப் பதினாறு வயது. அப்பா பட்டறையில் ஃபிட்டர். குவார்ட்டர்ஸ் பையன்கள் சேர்ந்து ஓர் அணி வைத்திருந்தோம். மூங்கில் கம்பம் நட்டு, மேலே குறுக்குக்கட்டைக்குப் பதிலாக நைலான் கயிறு கட்டியிருந்தோம். பந்து கயிற்றில் பட்டால் மேலே போனதா கீழே போனதா என்று அரைமணி நேரம் சண்டை நடக்கும். அண்ணன்தான் தலைவர். வட்டார லீக்கில் சேர்க்கச் சொல்லி அலுவலகத்துக்கு மூன்று முறை நடந்தார். சங்கப் பதிவு எங்கே, திடலுக்கு அனுமதிக் கடிதம் எங்கே, பொறுப்பாளர் எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். பதிவான அணிகள் பதிவில்லாத அணியோடு ஆடக்கூடாது என்றும் ஒரு விதி இருந்தது. ஆடினால் அபராதம். ஆகவே ஒருவரும் எங்களோடு ஆட வரவில்லை. சட்டை போட்டவர்கள் ஒரு பக்கம், கழற்றியவர்கள் மறுபக்கம் என்று பிரிந்து எங்களுக்குள்ளேயே எட்டு மாதம் ஆடினோம். யார் எந்தக் காலால் உதைப்பான், யார் எந்தப் பக்கம் திரும்புவான் என்பதெல்லாம் எல்லாருக்கும் மனப்பாடம். அப்படி ஆடுவது தனியே உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பதைப்போல. எனக்கு அந்தச் சலிப்பு இன்னும் உடம்பில் இருக்கிறது.

ஒருநாள் அண்ணன் சைக்கிளை எடுத்துக்கொண்டு செகாம்புட் பக்கம் ஒரு மலாய்க் கம்பத்துக்கு, அதாவது கிராமத்துக்கு, போய், அங்கிருந்த அணித் தலைவரிடம் நேராகக் கேட்டுவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு, ஒரு சைக்கிளில் இருவர் இருவராக, பச்சைச் சட்டையில் அவர்கள் வந்து இறங்கினார்கள். சொந்தப் பந்தும் கொண்டுவந்திருந்தார்கள். தலைவர் எங்கள் நைலான் கயிற்றை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டுப்புத்தகத்தை எடுத்தார். ஆடும் ஒவ்வோர் ஆட்டத்தையும் அதில் எழுதிவைப்பது அவர் வழக்கம். தேதி எழுதினார், தம் அணியின் பெயர் எழுதினார். பேனாவை நிறுத்தி, உங்கள் அணியின் பெயர் என்ன என்று மலாயில் கேட்டார்.

எங்களுக்குப் பெயரே இல்லை. எட்டு மாதமாக எங்களோடு நாங்களே ஆடிக்கொண்டிருந்தவர்களுக்குப் பெயர் எதற்கு? அண்ணன் ‘செந்தூல்’ என்றார். செந்தூலில் நான்கைந்து அணிகள் இருக்கின்றனவே, எந்தச் செந்தூல் என்றார் அவர். அண்ணன் திரும்பித் தண்டவாளத்தைப் பார்த்தார். தண்டவாள ஓரத்துச் செந்தூல் என்று சொன்னார். அவர் அதை அப்படியே, ஓர் எழுத்து விடாமல், நிதானமாக எழுதினார். நாங்கள் பத்துப் பேரும் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

4-1 என்று தோற்றோம். அந்த ஒரு கோலை அடித்தது நான் இல்லை. ஆட்டம் முடிந்ததும் அம்மா ஒரு வாளி நிறையத் தேத்தண்ணீரும் பருப்பு வடையும் கொண்டுவந்தார். குவளைகள் எட்டுதான் இருந்தன, ஆட்கள் இருபத்திரண்டு பேர். ஒருவர் குடித்து முடிக்கும்வரை அடுத்தவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இருட்டும்வரை யாரும் போகவில்லை.

இரண்டு மாதம் கழித்து அண்ணனுக்கு வேறு யாரோ சொல்லித்தான் தெரிந்தது, எங்களோடு ஆடியதற்காக அந்த அணிக்கு இருபத்தைந்து வெள்ளி அபராதம் விழுந்தது என்று. அதற்கிடையில் இன்னும் இரண்டு முறை அவர்கள் எங்கள் திடலுக்கு வந்து ஆடிப் போயிருந்தார்கள். அந்தத் தலைவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அண்ணன் எங்களிடம் காசு வசூலித்துக்கொண்டு போய்க் கொடுத்தபோது வாங்கவும் மறுத்துவிட்டார்.

இப்போது புரிகிறதா, ஹைத்தியின் பெயர் ஒரே முறை வந்ததற்கு நான் ஏன் இவ்வளவு வருந்துகிறேன் என்று? கடிந்து எழுதியதை மனத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். மகளோடு உட்கார்ந்து ஆட்டம் பார்க்கும் தகப்பன் நீங்கள். அந்த நேரம் என் அப்பாவுக்குக் கிடைக்கவில்லை. அவளிடம் அவள் சொன்னது சரி என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

இதைப் படிக்கிறவர்களில் செகாம்புட் பக்கத்து ஆட்கள் யாராவது இருந்தால் ஓர் உதவி. அந்தத் தலைவரின் முழுப் பெயரைக் கேட்டுவைக்க எங்களுக்கு அப்போது தோன்றவில்லை. எழுபதுகளில் பச்சைச் சட்டை அணிந்து ஆடிய கம்பத்து அணி ஒன்று. அதன் தலைவரிடம் நீல அட்டை போட்ட சின்ன நோட்டுப்புத்தகம் ஒன்று இருந்தது. அவர் வீட்டாருக்குத் தெரிந்தவர்கள் எனக்கு எழுதுங்கள். அண்ணனுக்கு வயது எழுபத்தொன்று. இன்னமும் அந்தப் பக்கத்தை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

அன்புடன்