கை ஒன்று, வேலை இரண்டு

கேள்வி: பன்னிரண்டு வருடம் மேடையில் ஆடியவள் நான். முதுகுத்தண்டில் அடிபட்டதில் இடுப்புக்குக் கீழே அசைவில்லை. இரண்டு வருடமாகச் சக்கர நாற்காலிதான். பத்து நிமிட நடனம் ஒன்றை நானே அமைத்து ஆட ஆசை. ஆனால் நாற்காலியைத் தள்ளவே கை சரியாகப் போகிறது. பழைய நடனத்தில் பாதியை ஆடுவதுபோல் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: சிக்கல் எங்கே என்று நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். நகர்த்துவதும் கை, பேசுவதும் கை. அதனால் பழைய உருப்படியை நாற்காலிக்கு மாற்ற முயலாதீர்கள். நாற்காலி என்ன செய்யும் என்பதிலிருந்து தொடங்குங்கள்.

ஒரே ஒரு முறை நீளமாகத் தள்ளிவிட்டு, அது தானாக உருண்டு நிற்கும்வரை தாளம் எண்ணுங்கள். ஆறு எண்ணிக்கை உருண்டால் அந்த ஆறும் உங்கள் கைகளுக்குச் சொந்தம். ஓடும்போது ஒரு சக்கரத்தை மட்டும் லேசாகப் பிடித்தால் நாற்காலி அந்தப் பக்கம் சுழலும். மறு கை அபிநயத்துக்கு மிஞ்சும். அலிஸ் ஷெப்பர்டும் லாரல் லாசனும் நாற்காலியோடு ஆடும் 'டிசென்ட்' படைப்பில் மேடையே ஏற்ற இறக்கமான சரிவுதான். இறக்கத்தில் சரிவே தள்ளிவிடும், கை விடுபடும். அவசியம் பாருங்கள்.

தரை மாறினால் எண்ணிக்கையும் மாறும். மரத்தரையில் ஆறு என்றால் வினைல் விரிப்பில் சீக்கிரமே நின்றுவிடும். ஆடப்போகும் மேடையில் மறுபடி எண்ணிப் பாருங்கள்.

ஒத்திகைக்கு முன் டயர். ஒன்றில் காற்று குறைந்தால் நாற்காலி அந்தப் பக்கமே இழுக்கும். பிரேக் டயரை அழுத்தித்தான் பிடிக்கிறது என்பதால், காற்றில்லாத டயரில் பிரேக் போட்டாலும் வழுக்கும். பின்சக்கர அச்சை முன்னால் நகர்த்தினால் திருப்பம் லேசாகும். பின்னால் கவிழும் ஆபத்தும் கூடும். ஒரு தடவைக்கு ஒரு சென்டிமீட்டர் போதும். பழகும்வரை ஒருவர் பின்னால் நிற்கட்டும். பெல்ட் இடுப்பெலும்பை ஒட்டித் தாழ்வாக இருக்கவேண்டும். வயிற்றுக்கு ஏறினால் மூச்சு முட்டும்.

தோல் விஷயத்தில் மட்டும் தயவுசெய்து அசட்டை வேண்டாம். உணர்ச்சியில்லாத இடத்தில் புண் வந்தால் மாதக்கணக்கில் படுக்கை. கால் மணி முதல் அரை மணிக்கு ஒருமுறை முன்னால் நன்றாகக் குனிந்து, உட்காரும் இடத்தின் பாரத்தை இரண்டு நிமிடம் இறக்குங்கள். உடையில் உட்காரும் பக்கம் ஜரிகை, ஜிப், தடித்த தையல் எதுவும் கூடாது. ஒத்திகை முடிந்ததும் கண்ணாடி வைத்துப் பாருங்கள். சிவப்பு அரை மணியில் மறையாவிட்டால் அன்றைக்கு மறுபடி உட்காராதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். தொங்கும் தாவணி ஸ்போக்கில் சிக்கும், அதையும் சுருக்கிக் கட்டுங்கள்.

பத்து நிமிடத்தை இப்போதே யோசிக்க வேண்டாம். முதல் வாரம் 32 எண்ணிக்கை. அதை முன்வரிசைக்காரர் கண் உயரத்திலிருந்து வீடியோ எடுங்கள். மடியளவில் செய்யும் முத்திரைகளை முழங்கால் மறைத்துவிடும். அவற்றையெல்லாம் நெஞ்சுக்கு மேலே ஏற்றுங்கள்.